இல்லாத குண்டும் இருந்த மனிதர்களும்



அறிவியல் வரலாற்றில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் உரிமை கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு வதந்தியை. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் நாஜி ஜெர்மனி இரகசியமாக அணுகுண்டு செய்தது, அதை வெடித்தும் பார்த்தது, பிறகு உண்மை மூடி மறைக்கப்பட்டது என்பதுதான் அந்த வதந்தி. புத்தகங்களில் வந்திருக்கிறது, தொலைக்காட்சியில் வந்திருக்கிறது, இப்போது கைப்பேசியில் தினமும் வருகிறது. கல்லூரி மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர், ஆர்வமுள்ளவர்கள். அவர்களுக்குப் பொறுப்பான விடை தரவேண்டும் என்பதாலேயே இந்தத் தலைப்பு.

முதலில் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை வைக்கிறேன். 2005 மார்ச்சில் ரைனர் கார்ல்ஷ் என்ற பெர்லின் வரலாற்றாசிரியர் 'ஹிட்லரின் குண்டு' என்ற நூலை வெளியிட்டார். கார்ல்ஷ் ஆவணக் காப்பகங்களில் உழைத்தவர், கட்டுக்கதை எழுதிப் பிழைப்பவர் அல்லர். அவர் சொன்னது இது: இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் குழுவுக்கு அப்பால், இராணுவ இயற்பியலாளர் குர்ட் டீப்னரைச் சேர்ந்த ஒரு சிறு குழு வழக்கமான வெடிமருந்தை வைத்து ஒருவகைச் சிறிய அணுவெடியைச் செய்தது. 1944 அக்டோபரில் பால்டிக் கடலோர ரூகன் தீவுப் பகுதியிலும், 1945 மார்ச் தொடக்கத்தில் துரிங்கியாவின் ஓர்ட்ரூஃப் இராணுவப் பயிற்சித் திடலிலும் அது சோதிக்கப்பட்டது. ஓர்ட்ரூஃபில் கைதிகள் பல நூறு பேர் அதில் இறந்தார்கள்.

அவர் காட்டிய சான்றுகள் மூன்று வகை. ஒன்று, நேரில் கண்டவர்களின் சொல். ரூகனில் வெடிப்பைப் பார்த்ததாக லூயிஜி ரோமெர்ஸா என்ற இத்தாலியப் பத்திரிகையாளர் சொல்லிவந்தார். ஓர்ட்ரூஃப் பக்கத்து மக்கள் சிலர் இரவில் பேரொளியைக் கண்டதாகச் சொன்னது 1960-களில் கிழக்கு ஜெர்மனி அதிகாரிகளால் பதிவு செய்யப்பட்டிருந்தது. இரண்டு, சோவியத் இராணுவ உளவுத்துறை 1945 மார்ச்சில் மாஸ்கோவுக்கு அனுப்பிய அறிக்கை. துரிங்கியாவில் இரண்டு பெரிய வெடிப்புகள் நடந்தன என்று அது சொன்னது. மூன்று, மண்ணில் கதிரியக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்ட அளவீடுகள்.

இவற்றைக் கேட்டதும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில்தானே அணுப்பிளவு கண்டறியப்பட்டது? 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கி, பேரியம் கிடைப்பதைக் கண்டார்கள். யூத வம்சத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக அதற்கு ஐந்து மாதம் முன்பே நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்த அவர்களுடைய தோழி லிஸ மைட்னர், ஸ்வீடனில் இருந்தபடி தன் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் சேர்ந்து அதன் பொருளை விளக்கினார். 1939-லேயே ஜெர்மன் இராணுவம் யுரேனிய ஆய்வைத் தொடங்கிவிட்டது. வி-2 போன்ற ஏவுகணையை உலகில் முதலில் பறக்கவிட்ட நாடு அது. அப்படிப்பட்ட நாடு குண்டையும் செய்திருக்கலாமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் செய்திருக்கலாம் என்ற ஊகத்திலிருந்து செய்தது என்ற முடிவுக்குப் போக என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 ஏறத்தாழ 0.7 விழுக்காடுதான். மீதி எல்லாம் யுரேனியம்-238. இரண்டும் வேதியியல் முறையில் ஒன்றே, எடையில் மட்டும் மிகச் சிறிய வேறுபாடு. எனவே குண்டுக்கு இரண்டே வழிகள். ஒன்று, அந்தச் சிறு எடை வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு 235-ஐப் பிரித்தெடுப்பது. மற்றது, அணு உலை ஒன்றைத் தொடர்ந்து இயக்கி, அதில் 238-இலிருந்து புளூட்டோனியம் விளைவித்து, அதை வேதிமுறையில் பிரிப்பது.

முதல் வழிக்கு அமெரிக்கா என்ன விலை கொடுத்தது? டென்னஸியில் ஓக் ரிட்ஜ் என்ற புதிய ஊரையே எழுப்பினார்கள், அதில் 75,000 பேர் குடியேறினார்கள். கே-25 என்ற ஒற்றைக் கட்டடம் ஏறத்தாழ அரை மைல் நீளம். ஒய்-12 ஆலையின் மின்காந்தங்களுக்குச் செம்புக் கம்பி கிடைக்காமல் அரசுக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். இரண்டாம் வழிக்காக வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்டு உலைகள். மொத்தத் திட்டத்தின் உச்சத்தில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள், செலவு அன்றைய மதிப்பில் 200 கோடி டாலர். குண்டு விழாத நாட்டில், எல்லையற்ற மின்சாரத்தோடு இத்தனையும் செய்து, கையில் கிடைத்தது 1945 கோடையில் மூன்று குண்டுகளுக்கான சரக்கு.

அணுகுண்டு செய்யும் திட்டத்தின் சூத்திரத்தைப் பெட்டியில் பூட்டலாம், திட்டத்தை நடத்தும் ஆட்களின் வாயைக் கட்டலாம். அரை மைல் நீளக் கட்டடத்தை, அதற்கு வரும் மின்கம்பிகளை, அதன் கழிவுநீரை, அதன் ஆயிரக்கணக்கான ஊழியர்களை எங்கே பூட்டுவது? 1945 வசந்தத்தில் ஜெர்மனியின் வானம் முழுக்க நேசநாட்டு விமானங்கள் பறந்து படம் எடுத்தன. அதன் மண் முழுக்க அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, சோவியத் படைகள் நடந்தன. தொழிற்சாலைகள் ஆணி ஆணியாகப் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டன. யுரேனியத்தைக் குண்டுக்கு வேண்டிய அளவில் செறிவூட்டிய ஆலை ஒன்றும் அகப்படவில்லை.

ஜெர்மானியர் உண்மையில் செய்தது என்ன என்பது நன்றாகவே தெரியும். 1941-இல் ஹைடெல்பெர்க்கில் வால்ட்டர் போத்தே கிராஃபைட்டை அளந்து, அது நியூட்ரான்களை அளவுக்கு மீறி விழுங்குகிறது என்று முடிவு சொன்னார். அவர் அளந்த கிராஃபைட்டில் மாசு இருந்தது. ஆகவே, உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கன நீர் ஒன்றே கதி என்று ஆயிற்று. கன நீரோ நார்வேயின் வெமோர்க் ஆலையிலிருந்து வந்தாகவேண்டும். 1943 பிப்ரவரி இறுதியில் நார்வே வீரர்கள் பனிச்சரிவில் இறங்கி அந்த ஆலையின் கன நீர்க் கலன்களைத் தகர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போன படகு 1944 பிப்ரவரி 20 அன்று டின் ஏரியில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் நார்வே நாட்டவர். யார் உயிர் போகும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே நினைக்கவேண்டும்.

1942 ஜூன் 4 அன்று பெர்லினில் ஹைசன்பர்க் போர்த்தளவாட அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேரைச் சந்தித்தார். இயற்பியலாளர்கள் கேட்ட தொகை மிகச் சிறியதாக இருந்ததைக் கண்டு தான் வியந்ததாக ஷ்பேர் பின்னாளில் எழுதினார். இந்தப் போருக்குள் குண்டு கைக்கு வராது என்ற முடிவோடு, ஆய்வு உலை என்ற அளவிலேயே திட்டம் தொடர்ந்தது. கடைசி முயற்சி ஹைகர்லோக் என்ற சிற்றூரில், கோட்டை மாதாகோவில் நின்ற பாறைக்கு அடியில், ஒரு பீர் நிலவறையில் நடந்தது. 664 யுரேனியக் கட்டிகள், ஒவ்வொன்றும் 5 செ.மீ. பக்கம், மெல்லிய கம்பியில் கோத்துத் தொங்கவிடப்பட்டு ஒன்றரை டன் கன நீரில் இறக்கப்பட்டன. 1945 மார்ச்சில் நியூட்ரான் எண்ணிக்கை ஏறத்தாழ 7 மடங்கு பெருகிற்று. தானே தொடரும் வினை தொடங்கவில்லை. சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மி 1942 டிசம்பர் 2 அன்று சாதித்ததை ஜெர்மனி போர் முடியும் வரை சாதிக்கவில்லை.

ஹைகர்லோக் தொகுதியின் கட்டிகளில் சில இன்றும் ஆய்வகங்களில் இருக்கின்றன. 2015-இல் கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள ஐரோப்பிய ஆய்வு மையத்தினர் அவ்வகைக் கட்டி ஒன்றை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். யுரேனியம்-236, புளூட்டோனியம்-239 இரண்டும் இயற்கைத் தாதுவில் இருக்கும் நுண்ணளவைத் தாண்டவில்லை. அந்தக் கட்டி குறிப்பிடத்தக்க நியூட்ரான் வெள்ளத்தைக் கண்டதே இல்லை என்பது அதன் பொருள். உலை இயங்கவில்லை, எனவே புளூட்டோனியம் இல்லை. செறிவூட்டும் ஆலை இல்லை, எனவே 235 இல்லை. இரண்டு வழியும் அடைபட்டன.

இங்கேதான் கார்ல்ஷ் சொல்லும் மூன்றாவது வழி வருகிறது. குழிவடிவ வெடிமருந்தால் அதிர்ச்சி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து அணுச்சேர்க்கையைத் தூண்டுவது. எரிக் ஷூமனும் வால்ட்டர் டிரிங்க்ஸும் அந்தத் திசையில் சிந்தித்ததும் முயன்றதும் உண்மை. ஆனால் வெடிமருந்தின் வெப்பமும் அழுத்தமும் அணுச்சேர்க்கை வெடிக்குத் தேவையானதற்குப் பல படிகள் கீழே. அதற்குப் பிறகு உலகத்தின் அணு வல்லரசுகள் அத்தனை பணத்தையும் மூளையையும் கொட்டியும், அணுப்பிளவுத் தூண்டல் இல்லாத அணுச்சேர்க்கைக் குண்டை எவரும் வெடித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. அதை ஒரு சிறு குழு 1945 மார்ச்சில், எரிபொருளும் ரயிலும் இல்லாத நாட்டில், செய்து முடித்தது என்று நம்பச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை.

சரி, ஆலையைக் காணோம், ஆனால் வெடிப்பு நடந்திருந்தால்? அப்போது மண்ணைக் கேட்கலாம். அணுவெடி விட்டுச்செல்லும் சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. 60 ஆண்டு கழித்தும் கால்பங்கு மண்ணில் இருக்கும். ஜெர்மன் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றுக்காக, அந்நாட்டின் தேசிய அளவியல் நிறுவனம் ஓர்ட்ரூஃப் மண் மாதிரிகளைச் சோதித்து 2006 பிப்ரவரியில் முடிவைச் சொன்னது. கிடைத்த சீசியம், செர்னோபில் விபத்தாலும் 1950, 60-களின் வளிமண்டலச் சோதனைகளாலும் ஜெர்மனி எங்கும் படிந்திருப்பதற்கு மேல் எதையும் காட்டவில்லை. அணுவெடிக்கான அடையாளம் இல்லை. அந்த நிறுவனம் நேர்மையோடு இன்னொன்றையும் சொன்னது: எந்த மாதிரிச் சோதனையாலும் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அறுதியிட்டு நிறுவ முடியாது. வதந்தியை விரும்புவோர் இந்த இரண்டாம் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். இல்லாததை இல்லை என்று நிறுவும் கடமை எவருக்கும் கிடையாது. உண்டு என்று சொல்பவரே காட்டவேண்டும்.

அணுவெடியை மறைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, மறைக்க முயன்ற அமெரிக்காவே சாட்சி. 1945 ஜூலை 16 விடியலில் நியூ மெக்ஸிகோ பாலையில் டிரினிட்டி சோதனை நடந்தது. வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். சில மாதங்களில் கோடக் நிறுவனத்தின் எக்ஸ்-ரே ஃபிலிம்களில் கரும்புள்ளிகள் தோன்றின. அங்கே ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் தேடிப் பார்த்தார். பொதிக்கும் அட்டையில் கதிரியக்கம். அட்டை வந்தது இந்தியானா மாநிலத்து ஆலையிலிருந்து, அந்த ஆலை எடுத்தது ஆற்றுத் தண்ணீர். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் வெடித்த குண்டின் சாம்பல் மழையோடு அந்த ஆற்றில் இறங்கியிருந்தது. ஜெர்மனிக்கு நடுவில், நெருக்கமான கிராமங்களுக்கு இடையில் வெடித்தது மட்டும் எந்த ஃபிலிமிலும் எந்தக் கருவியிலும் படாமல் போய்விடுமா?

இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்காமலும் இல்லை. அமெரிக்க அணுகுண்டுத் திட்டமான மான்ஹாட்டன் திட்டத்தின் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸுக்கு ஜெர்மன் குண்டு குறித்த அச்சம் உண்மையாகவே இருந்தது. 1944 இலையுதிர் காலத்தில், லூயிஸ் ஆல்வரெஸ் வகுத்த முறையில், ஜெர்மனிக்கு மேல் விமானம் பறந்து காற்றைப் பிடித்து அதில் செனான்-133 வாயு இருக்கிறதா என்று தேடினார்கள். உலை இயங்கினால் அந்த வாயு கசிந்தே தீரும். கிடைக்கவில்லை. ரைன் ஆற்று நீரைக் குப்பிகளில் அடைத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அதிகாரி விளையாட்டாக ஒரு குப்பி ரூஸியோன் திராட்சை மதுவையும் சேர்த்து வைத்தார். ஆற்று நீரில் ஒன்றுமில்லை, மதுவில் கதிரியக்கம் இருக்கிறது என்று பதில் வந்தது. திராட்சை விளைந்த மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் அது. அந்த அளவுக்கு நுட்பமாக அளந்தவர்களிடம் ஜெர்மன் குண்டின் சுவடு சிக்கவில்லை.

அச்சம் எப்படிச் சோதிக்கப்பட்டுத் தீர்ந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. ஆவர் என்ற ஜெர்மன் நிறுவனம் பாரிஸிலிருந்த தோரியம் இருப்பை முழுவதும் வாரிக்கொண்டு போயிருந்ததை நேசநாட்டுப் புலனாய்வாளர்கள் கண்டார்கள். தோரியமும் அணுசக்தித் தனிமம். குண்டுக்குத்தான் என்று கலங்கினார்கள். விசாரித்ததில் அந்த நிறுவனம் போருக்குப் பிறகு கதிரியக்கப் பற்பசை விற்கத் திட்டமிட்டிருந்தது தெரியவந்தது. அக்காலத்தில் கதிரியக்கம் உடலுக்கு நல்லது என்று நம்பினார்கள்.

அந்தப் புலனாய்வுக் குழுவின் பெயர் ஆல்சோஸ். அதன் அறிவியல் தலைவர் சாமுவேல் கௌட்ஸ்மிட், எலெக்ட்ரான் சுழற்சியை முன்மொழிந்த இருவரில் ஒருவர், டச்சு யூதர். அவருடைய தாயும் தந்தையும் 1943-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியரைப் பற்றி எந்தக் கொடுமையையும் நம்ப அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்? 1944 இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜெர்மன் இயற்பியலாளர் வைட்ஸேக்கரின் அறையில் கிடைத்த கடிதங்களையும் தாள்களையும் அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார். படித்துவிட்டு எழுதிய அறிக்கை: ஜெர்மனியிடம் குண்டு இல்லை, அருகிலும் இல்லை. தன் வெறுப்புக்கு உகந்ததை அவர் எழுதவில்லை, தாள்கள் சொன்னதை எழுதினார். அந்த நேர்மைக்கு முன் நான் தலை வணங்குகிறேன்.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் கனமாகத் தோன்றும் சான்றுக்கு வருகிறேன். 1945 ஜூலை 3 முதல் ஆறு மாதம், பத்து ஜெர்மன் அணு அறிவியலாளர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்டார்கள். ஹைசன்பர்க், ஹான், வைட்ஸேக்கர், கெர்லாக், டீப்னர் எல்லாரும் அதில் உண்டு. வீடெங்கும் மறைவாக ஒலிவாங்கிகள். வந்த சில நாளில், ஒட்டுக்கேட்கும் கருவி இருக்குமோ என்று டீப்னரே ஐயப்பட்டுக் கேட்டார். பிரிட்டிஷாருக்கு அந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது என்று ஹைசன்பர்க் சிரித்துத் தள்ளிவிட்டார். அந்தப் பேச்சும் பதிவாயிற்று. 1992-இல் தாள்கள் வெளியிடப்பட்டன.

ஆகஸ்ட் 6 மாலை, ஹிரோஷிமா செய்தி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஹைசன்பர்க் நம்ப மறுத்தார். யுரேனியத்தோடு தொடர்பே இருக்காது என்றார். அமெரிக்கரிடம் யுரேனியக் குண்டு இருக்குமானால் நீங்களெல்லாம் இரண்டாந்தரம்தான் என்று ஹான் அவர்களைக் குத்தினார். குண்டுக்கு எவ்வளவு 235 வேண்டும் என்ற பேச்சில் ஹைசன்பர்க் முதலில் ஒரு டன் அளவில் கணக்குச் சொன்னார். ஹிரோஷிமா குண்டில் இருந்தது 64 கிலோ செறிவூட்டிய யுரேனியம். ஒரு வாரம் கழித்து, உட்கார்ந்து யோசித்து, ஏறத்தாழச் சரியான கணக்கை அவர் சக கைதிகளுக்குப் பாடமாக நடத்தினார். செய்தி வந்த அந்த இரவில் கெர்லாக் தன் அறைக்குப் போய் அழுதார்.

வதந்தியின்படி, அதற்கு ஐந்தே மாதம் முன்பு இதே டீப்னரும், திட்டத்துக்குத் தலைமை வகித்த இதே கெர்லாக்கும் துரிங்கியாவில் அணுவெடி வெடித்து வெற்றி கண்டவர்கள். வெற்றி கண்டவர்கள் எதிரியின் குண்டைக் கேட்டு இப்படித் திகைப்பார்களா? யாரும் கேட்கவில்லை என்று நம்பிப் பேசிய அந்த இரவிலும் அதற்குப் பிந்திய வாரங்களிலும் ஓர்ட்ரூஃப் வெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை நழுவவில்லை.

இதே தாள்கள் இன்னொரு கதையையும் உடைக்கின்றன. ஜெர்மன் அறிவியலாளர்கள் மனச்சாட்சிக்குப் பயந்து குண்டைச் செய்யாமல் விட்டார்கள் என்பது அந்தக் கதை. அன்றிரவே வைட்ஸேக்கர் அப்படிச் சொல்லத் தொடங்கினார். தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று ஹான் அங்கேயே மறுத்தார். பின்னாளில் ராபர்ட் யுங்கின் நூல் வழியாக அது உலகம் சுற்றியது. ஒரு கதை அவர்களை மாயாவிகள் ஆக்குகிறது, மற்றது தவசிகள் ஆக்குகிறது. ஜெர்மனி கொடுங்கோல் அரசின் கையில் திறமையைச் சிதறடித்தது, தன் சிறந்த அறிவியலாளர்களை இனத்தின் பெயரால் விரட்டியது, மிஞ்சியவர்கள் அரைகுறை வளத்தோடு அரசுக்கு உழைத்துத் தோற்றார்கள் என்ற சாதாரண உண்மை இரண்டு பக்கத்தாருக்கும் சுவைப்பதில்லை.

யு-234 நீர்மூழ்கியைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி நேரத்தில் அது கட்டாயம் வரும். ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பல் 1945 மே மாதம் அட்லாண்டிக்கில் அமெரிக்கரிடம் சரணடைந்தது. அதில் 560 கிலோ யுரேனிய ஆக்சைடு இருந்தது உண்மை. ஹிரோஷிமாவில் விழுந்தது அந்த யுரேனியமே என்கிறார்கள். கணக்கைப் போடுங்கள். 560 கிலோ ஆக்சைடில் யுரேனியம் 475 கிலோ அளவில் இருக்கும். இயற்கை யுரேனியமானால் அதில் 235 மூன்று கிலோ சொச்சம், அதுவும் பிரிக்கப்படாமல் கலந்து கிடக்கிறது. ஹிரோஷிமா குண்டில் 235 ஏறத்தாழ 50 கிலோ. செறிவூட்டியதாகத்தான் இருந்திருக்கும் என்பவர்கள் மறுபடி பழைய கேள்விக்கே வரவேண்டும்: எந்த ஆலையில்?

சோவியத் அறிக்கையும் அப்படியே. அது மாஸ்கோவில் இகோர் குர்ச்சாத்தோவின் மேசைக்குப் போனது. சோவியத் குண்டின் தந்தை அவர். அவருக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை, மேலும் விவரம் வேண்டும் என்றார். 1945 ஜூலையில் துரிங்கியா முழுவதும் சோவியத் படையின் கைக்கு வந்தது. அங்கே வெடித்துக் காட்டிய குண்டு ஒன்று இருந்திருந்தால் ஸ்டாலின் அதை விட்டிருப்பாரா? 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் வெடித்தது உளவாளிகள் கொண்டுவந்த அமெரிக்கப் புளூட்டோனியக் குண்டின் வடிவத்தை.

ஆக, எஞ்சி நிற்பவை மனிதர்களின் நினைவுகள். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சித் திடலில் வெடிகள் வெடித்திருக்கும், வானம் ஒளிர்ந்திருக்கும். அதிசய ஆயுதம் வருகிறது, போர் திரும்பப்போகிறது என்று கோயபல்ஸின் வானொலி இரவும் பகலும் ஓதிய நாட்டில், 17 ஆண்டு கழித்து, ஹிரோஷிமாவின் காளான் மேகத்தைப் படங்களில் பார்த்த பிறகு, பழைய ஒளி புதிய உருவம் எடுப்பது மனித இயல்பு.

இப்படி ஒரு தவறான நம்பிக்கையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இரண்டு என்பேன்.

ஜோசஃப் ராட்பிளாட் என்ற போலந்து இயற்பியலாளர் மனைவியை வார்சாவில் விட்டுவந்து, பின் அவரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஹிட்லருக்கு முன் நாம் செய்யாவிட்டால் உலகம் அழியும் என்ற ஒரே காரணத்தால் அமெரிக்கக் குண்டு உருவான லாஸ் அலமோஸுக்குப் போனார். 1939-இல் ஐன்ஸ்டைன் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதியதும் அதே அச்சத்தால்தான், அந்த அச்சம் அன்று நியாயமானது. 1944 இறுதியில் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்ததும், தான் வந்த காரணம் தீர்ந்தது என்று சொல்லி ராட்பிளாட் விலகினார். ஆயிரக்கணக்கான அறிவியலாளர்களில் அந்தக் காரணத்துக்காக விலகியவர் அவர் ஒருவரே. திட்டம் நிற்கவில்லை, எதிரியை மாற்றிக்கொண்டு ஓடியது. ஜெர்மன் குண்டு இருந்தது என்று இன்று சொல்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் ஒரு நியாயத்தைப் பின்னாலிருந்து தயாரித்துக் கொடுக்கிறார்கள். 1995-இல் ராட்பிளாட்டுக்கும் அணு ஆயுதங்களுக்கு எதிராக அவர் வளர்த்த பக்வாஷ் இயக்கத்துக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரைக் கேள்விப்படாத இயற்பியல் மாணவர்கள் நம் வகுப்புகளில் நிறைய.

இரண்டாவது நட்டம் ஓர்ட்ரூஃபுக்கே. அங்கே புக்கன்வால்ட் வதைமுகாமின் கிளை முகாம் இருந்தது. பக்கத்து யோனாஸ் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் வெட்ட ஆயிரக்கணக்கான கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். ரஷ்யர், போலந்து நாட்டவர், ஹங்கேரி யூதர், பிரெஞ்சுக்காரர் எனப் பல நாட்டவர். குளிரிலும் பட்டினியிலும் அடியிலும் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1945 ஏப்ரல் 4 அன்று அமெரிக்கப் படை அங்கே நுழைந்தது. அமெரிக்கர் விடுவித்த முதல் நாஜி முகாம் அதுதான். ஏப்ரல் 12 அன்று ஐசன்ஹோவர், பிராட்லி, பேட்டன் மூவரும் நேரில் வந்து, அடுக்கிக் கிடந்த உடல்களைக் கண்டார்கள். பின்னாளில் எவரும் இது பிரச்சாரம் என்று மறுக்க முடியாதபடி பத்திரிகையாளர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அனுப்பும்படி ஐசன்ஹோவர் கேட்டுக்கொண்டார்.

இன்று அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத் தேடினால் முதலில் வருவது குண்டு, புதையல், இரகசிய அறை. சுரங்கத்தில் என்ன ஒளித்து வைத்தார்கள் என்று கேட்பவர்கள் அதைக் குடைந்தவர்கள் யார் என்று கேட்பதில்லை. நிரூபிக்க முடியாத வெடிப்பில் இறந்ததாகச் சொல்லப்படும் சில நூறு பேருக்குக் காணொளிகள் இருக்கின்றன. பட்டினியால் கொல்லப்பட்டதற்கு முகாம் பதிவேடும் புகைப்படமும் உயிர் தப்பியவர் வாக்குமூலமும் உள்ளவர்கள் அடிக்குறிப்பாகிவிட்டார்கள். இதே துரிங்கியாவில் நோர்ட்ஹவுஸன் அருகே வி-2 ஏவுகணை செய்த டோரா முகாமின் கதையும் இப்படித்தான். அங்கே இறந்த கைதிகள் ஏறத்தாழ 20,000 பேர். ஏவுகணையின் படம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் மேற்படிப்புக்கு ஜெர்மனிக்குப் போவீர்கள். துரிங்கியா தொலைவில்லை. வைமார் போனால் புக்கன்வால்ட் நினைவகம் அருகிலேயே இருக்கிறது, யோனாஸ் பள்ளத்தாக்கில் கைதிகளுக்கான நினைவுச்சின்னமும் இருக்கிறது. அங்கே போங்கள். யாராவது உங்களிடம் சுரங்கத்தில் குண்டு இருந்தது என்று சொன்னால், யுரேனியத்தைச் செறிவூட்டிய ஆலை எங்கே என்று கேளுங்கள். அவர் விடை தேடும் நேரத்தில், அந்தச் சுரங்கத்தைக் குடைந்தவர்கள் யார் என்று அவருக்குச் சொல்லுங்கள்.